சொட்டுகிற இடம் ஒன்று, கசிகிற இடம் வேறு

"ராவாங் டோல் சாவடியைத் தாண்டி வெளியேறும் வளைவில் லோரி ஒன்று பழுதடைந்து நிற்கிறது. இடது தடம் அடைபட்டுள்ளது. வாகனமோட்டிகள் கவனமாகச் செல்லவும்."

காலை மணி 6.20. எட்டு விநாடிச் செய்தி. வாசித்து முடித்து அடுத்த பாடலை ஒலியேற்றினேன். வானொலியில் சேர்ந்த நாளிலிருந்து இப்படிப்பட்ட வரிகளை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. காரில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பத்து நிமிடத் தாமதம். எனக்கு அது இரண்டு பாடல்களுக்கு இடையே வரும் ஒரு தகவல். அவ்வளவுதான்.

பாடல் ஓடிக்கொண்டிருந்தபோது கைப்பேசியைப் பார்த்தேன். அத்தையிடமிருந்து மூன்று தவறிய அழைப்புகள். திருப்பி அழைத்தேன்.

"மாமா லோரி ராவாங்ல நின்னுபோச்சுமா. ஸ்டீரிங் திரும்பலையாம். ஆளுக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத் தெரிஞ்ச ஃபோர்மேன் யாராச்சும் அந்தப் பக்கம் இருக்காங்களா?"

நான் வாசித்த அந்த லோரியை ஓட்டி வந்தவர் என் மாமா.

மலை இறங்கும்போது முனகிய லோரி

மாமாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. சொந்தமாக ஒரே ஒரு மூன்று டன் லோரி. கேமரன் மலையில் ரிங்லெட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ், தக்காளி, சாலட் கீரை என்று ஏற்றிக்கொண்டு நள்ளிரவுக்குமேல் தாப்பா மலைப்பாதையில் இறங்குவார். தாப்பாவில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்து ராவாங்கில் வெளியேறி, விடிவதற்குள் செலாயாங் மொத்தச் சந்தையில் சரக்கை இறக்கிவிடுவார். இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் தொழில்.

அன்று இரவு மலை இறங்கும்போதே ஸ்டீரிங் முனகியிருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் "ஙொய்ய்" என்று ஒரு சத்தம். வண்டியில் எப்போதும் வைத்திருக்கும் ஸ்டீரிங் எண்ணெய்ப் போத்தலைத் தேடினார். அது காலி. அந்த நேரத்தில் கடை ஏது? தாப்பாவில் நெடுஞ்சாலை ஏறியதும் சத்தம் அடங்கிவிட்டது. ஸ்டீரிங்கும் இலகுவாகத்தான் இருந்தது. "சரி, சந்தைக்குப் போயிட்டுப் பார்த்துக்கலாம்" என்று வந்துவிட்டார்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். நேரான சாலையில் வேகமாகப் போகும்போது சக்கரத்தைத் திருப்பப் பெரிய பலம் தேவையில்லை. பவர் ஸ்டீரிங் வேலை செய்கிறதா இல்லையா என்பதே அப்போது தெரியாது. வேகம் குறைந்து வளைவு வரும்போதுதான் தெரியும். ராவாங் டோலில் நின்று புறப்பட்டு, அடுத்த வளைவில் ஸ்டீரிங்கைச் சுழற்றியபோது அது கல்லாய்க் கனத்தது. இரண்டு கையாலும் இழுத்து, உடம்பையே சாய்த்து, வண்டியை ஓரமாக நிறுத்தியிருக்கிறார். சற்று வேகமாக வந்திருந்தால் லோரி தடுப்புச் சுவரில்தான் போய் நின்றிருக்கும்.

நண்பர் ஒருவர் வேறு லோரியைக் கொண்டுவந்து சரக்கை மாற்றி ஏற்றிப் போனார். வெற்று லோரி இழுவை வண்டியில் ராவாங்கில் உள்ள ஒரு பட்டறைக்குப் போனது. என் நிகழ்ச்சி முடிந்ததும் நானும் அங்கே போனேன்.

ஐந்து வாரமாக ஊற்றிக்கொண்டே இருந்தார்

தகரக் கூரை போட்ட பட்டறை. உள்ளே இரண்டு லோரி, வெளியே மூன்று லோரி. ஃபோர்மேன் அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டிப் போட்டுவிட்டு மாமாவிடம் திரும்பினார். ஸ்பேனரை எடுப்பார் என்று பார்த்தேன். கேள்விகளைத்தான் எடுத்தார்.

"அண்ணே, எத்தனை நாளா எண்ணெய் ஊத்துறீங்க?"

"ஒரு அஞ்சு வாரம் இருக்கும்."

"முதல்ல எத்தனை நாளைக்கு ஒரு போத்தல்?"

"முதல்ல வாரத்துக்கு ஒண்ணு. அப்புறம் மூணு டிரிப்புக்கு ஒண்ணு. போன வாரம் தினம் ஊத்தினேன்."

"காலையில வண்டிக்கு அடியில கறை இருக்குமா?"

"அதான் லா புரியல. ரெண்டு மூணு சொட்டுதான் இருக்கும். ஊத்துற எண்ணெய் எங்க போவுதுன்னே தெரியல."

"கனம் ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா?"

"ரெண்டு பக்கமும்."

பிறகுதான் மாமா முக்கியமான விஷயத்தைச் சொன்னார். கசிவு தொடங்கிய முதல் வாரமே வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அங்கே இருந்தவர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, "ஸ்டீரிங் பாக்ஸ் போச்சு, மாத்தணும். ரெண்டாயிரத்துக்கு மேல ஆகும்" என்று சொல்லிவிட்டார். ஸ்டீரிங் பாக்ஸின் அடிப்பகுதி முழுக்க ஈரம். அங்கிருந்துதான் சொட்டுகிறது. கண்ணால் பார்த்ததைத்தான் அவர் சொன்னார்.

2,000 வெள்ளி என்றதும் மாமா பயந்துவிட்டார். வண்டி இரண்டு நாள் பட்டறையில் நின்றால் இரண்டு நாள் வருமானமும் போகும். ஒரு போத்தல் எண்ணெய் அதைவிட மலிவு. ஊற்றினால் ஓடுகிறது. அப்படியே ஐந்து வாரம் போய்விட்டது.

ஸ்டீரிங்குக்கு எண்ணெய் எதற்கு?

இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் பவர் ஸ்டீரிங்குக்கு எண்ணெயே கிடையாது. மின்மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. அதனால் இளம் வயதில் கார் வாங்குகிற பலருக்கு இப்படி ஓர் எண்ணெய் இருப்பதே தெரியாது. லோரிகளிலும் பழைய கார், பிக்கப் வண்டிகளிலும் இன்னும் எண்ணெய் அழுத்தத்தில்தான் ஸ்டீரிங் வேலை செய்கிறது.

ஃபோர்மேன் அண்ணன் எனக்குப் புரியும்படி சொன்னது இதுதான். ஒரு சின்னத் தொட்டியில் எண்ணெய் இருக்கும். இன்ஜின் ஓடும்போது ஒரு பம்ப் அந்த எண்ணெயை இழுத்து, அழுத்தம் கொடுத்து, தடித்த ஹோஸ் வழியாக ஸ்டீரிங் பாக்ஸுக்கு அனுப்பும். ஓட்டுநர் ஸ்டீரிங்கைத் திருப்பியதும் பாக்ஸுக்குள் இருக்கும் வால்வு எந்தப் பக்கம் என்று உணர்ந்து, அந்தப் பக்கத்துக்கு எண்ணெயைத் திறந்துவிடும். எண்ணெய் உள்ளே ஒரு பிஸ்டனைத் தள்ளும். அது பாக்ஸின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைச் சுழற்றும். தண்டில் மாட்டியிருக்கும் இரும்புக் கை சக்கரங்களைத் திருப்பும். வேலை முடிந்த எண்ணெய் இன்னொரு ஹோஸ் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும்.

எண்ணெய் போய்விட்டால் ஸ்டீரிங் அறுந்துவிடாது. ஓட்டுநரின் கைக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தொடர்பு இருந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் எண்ணெய் செய்துவந்த வேலை முழுவதையும் தோளும் கையும் செய்ய வேண்டும். சரக்கேற்றிய லோரியில் அது லேசான காரியமில்லை.

முனகல் சத்தத்துக்கும் காரணம் உண்டு. தொட்டியில் எண்ணெய் குறைந்தால் பம்ப் எண்ணெயோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். அந்தக் காற்றுக் குமிழிதான் சத்தம் போடுகிறது. தொட்டி மூடியைத் திறந்து காட்டினார். அடியில் கொஞ்சம் எண்ணெய், மேலே தேநீர்க் கடையில் 'தே தாரேக்' ஆற்றியதுபோல் நுரை. "நுரைக்கு வண்டியைத் திருப்புற பலம் கிடையாது தங்கச்சி. அதான் கல்லு மாதிரி ஆயிடுச்சு."

சந்தேகப் பட்டியல்

எண்ணெய் கசிய வழிகள் நான்கைந்துதான். அண்ணன் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். ஒரு மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதுபோல இருந்தது.

முதலில், கசிவது ஸ்டீரிங் எண்ணெய்தானா? வெள்ளைத் தாளில் தொட்டுப் பார்த்தார். இளஞ்சிவப்பு. இந்த லோரிக்கு ஸ்டீரிங்கில் ஊற்றுவது 'ஏடிஎஃப்' எனப்படும் சிவப்பு எண்ணெய். இன்ஜின் எண்ணெய் என்றால் பழுப்பு அல்லது கறுப்பாக இருக்கும். கியர் எண்ணெய் கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு இருக்கும். ரேடியேட்டர் நீர் பச்சையோ இளஞ்சிவப்போ, தண்ணீர் போல ஓடும். விரலில் பிசுபிசுப்பு இருக்கும், எண்ணெய் வழுவழுப்பு இருக்காது. ஏடிஎஃப் எண்ணெயை ஆட்டோ கியர் வண்டிகளின் கியர் பெட்டியிலும் ஊற்றுவார்கள். ஆனால் மாமாவுடையது கையால் கியர் போடும் லோரி. அதனால் சந்தேகமே இல்லை.

அடுத்து அவர் இன்ஜின் எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். ஸ்டீரிங் பழுதுக்கு இன்ஜின் எண்ணெயை ஏன் பார்க்க வேண்டும்? இந்த மாதிரி லோரிகளில் ஸ்டீரிங் பம்பை இன்ஜினின் பல்சக்கரமே நேரடியாகச் சுழற்றுகிறது. பம்பின் தண்டு சீல் போய்விட்டால் எண்ணெய் வெளியே சொட்டாது; இன்ஜினுக்குள் போய்விடும். தரையில் ஒரு சொட்டுக் கறைகூட இருக்காது. தொட்டி மட்டும் காலியாகிக்கொண்டே இருக்கும், இன்ஜின் எண்ணெய் அளவு ஏறிக்கொண்டே போகும். மாமாவின் வண்டியில் அளவு சரியாக இருந்தது. பம்பின் மீதான சந்தேகம் நீங்கியது.

மீதி இருந்தவை: தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ், எண்ணெய் திரும்பிப் போகும் ஹோஸ், அழுத்தம் தாங்கும் ஹோஸ், ஸ்டீரிங் பாக்ஸின் மேல் சீல், அடியில் உள்ள தண்டு சீல். முதல் பட்டறைக்காரர் கைகாட்டியது கடைசியில் உள்ளதை.

பேபி பவுடர் காட்டிக்கொடுத்தது

"இப்ப எங்க பார்த்தாலும் எண்ணெய். இந்த அழுக்குல யார் திருடன்னு கண்டுபிடிக்க முடியாது. முதல்ல குளிப்பாட்டணும்" என்றார் அண்ணன்.

லோரியின் தலையை முன்பக்கம் சாய்த்து, அழுக்கு நீக்கும் திரவம் அடித்துத் தேய்த்து, தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, காற்றடித்து உலர்த்தினார்கள். ஐந்து வார அழுக்கு போக அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு அவர் எடுத்துவந்த பொருளைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். குழந்தைகளுக்குப் போடும் பவுடர் டப்பா! ஹோஸ், இணைப்பு, ஸ்டீரிங் பாக்ஸ் எல்லாவற்றின் மேலும் லேசாகத் தூவினார். எண்ணெய் பட்டால் பவுடர் உடனே நிறம் மாறி ஈரக்கோடாகத் தெரியும். புறஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை எண்ணெயில் கலந்து கண்டுபிடிக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் பவுடர் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

தலையை இறக்கிப் பூட்டினார். தொட்டியில் புது எண்ணெய் ஊற்றினார். மாமா ஏறி இன்ஜினை ஓடவிட்டார். பத்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. சொட்டு இல்லை. ஈரம் இல்லை. மாமா என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"இப்ப திருப்புங்கண்ணே. கடைசி வரைக்கும் திருப்பி, உடனே விட்டுடுங்க. பிடிச்சு வைக்காதீங்க."

இடது கோடிக்கு ஒருமுறை, வலது கோடிக்கு ஒருமுறை. நாலாவது முறை திருப்பியபோது ஸ்டீரிங் பாக்ஸின் அடியில் ஒரு சிவப்புச் சொட்டு. மாமா ஜன்னலில் தலையை நீட்டி, "பாக்ஸ்தானே?" என்று கேட்டார். குரலில் தோல்வி தெரிந்தது.

அண்ணன் பதில் சொல்லவில்லை. இன்ஜினை அணைக்கச் சொன்னார். மறுபடியும் தலையைச் சாய்த்து டார்ச் அடித்தார். பவுடரில் ஒரு கோடு. அது ஸ்டீரிங் பாக்ஸில் தொடங்கவில்லை. அதற்கு மேலே, அழுத்த ஹோஸும் அதன் இரும்பு முனையும் சேரும் இடத்தில் தொடங்கியது. அங்கே ரப்பரில் நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து வழிந்த எண்ணெய் ஹோஸ் ஓரமாகவே இறங்கி, பாக்ஸின் முதுகில் ஏறி, விளிம்பைச் சுற்றி அடியில் வந்து சொட்டியிருக்கிறது. பாக்ஸின் அடி சீலைச் சுற்றியிருந்த பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

"எண்ணெய் கீழதான் ஓடும் தங்கச்சி. சொட்டுற இடத்தைப் பார்த்துப் பழி போடக்கூடாது. ஈரம் ஆரம்பிக்கிற உச்சியைத் தேடணும். அங்கதான் வியாதி."

காலையில் கறை ஏன் இல்லை என்பதற்கும் அதிலேயே விடை கிடைத்தது. நின்றிருக்கும் வண்டியில் அந்த ஹோஸில் அழுத்தம் கிடையாது. வெடிப்பு மூடிக்கொள்ளும். ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பும்போது அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டைத் தாண்டும். கார் டயரில் நாம் அடைக்கும் காற்று 30 சொச்சம்தான், ஒப்பிட்டுப் பாருங்கள். சூடான எண்ணெய், அவ்வளவு அழுத்தம், தாப்பா மலைப்பாதையில் ஓயாத வளைவுகள். மாமா ஊற்றிய எண்ணெயில் பெரும்பகுதி அந்த மலைச்சாலையிலேயே சிந்தியிருக்கிறது. வீட்டு வாசலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

காரணத்துக்கும் காரணம்

வெடித்த ஹோஸை மாற்றினால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அண்ணன் பழைய ஹோஸைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ரப்பர் தேய்ந்து பளபளவென்றிருந்தது. லோரியின் சட்டத்தில் அந்த ஹோஸைப் பிடித்து நிறுத்த ஒரு பட்டை இருக்க வேண்டும். பட்டை இருந்தது, அதன் போல்ட் இல்லை. எப்போதோ வேறு வேலைக்காகக் கழற்றியவர் திரும்பப் போடவில்லை. பிடிமானம் இல்லாத ஹோஸ் ஒவ்வொரு குலுங்கலிலும் ஆடியிருக்கிறது. ஆட்டம் முழுவதையும் அந்த முனை தாங்கித் தாங்கி ஒருநாள் வெடித்துவிட்டது.

"இதைப் பார்க்காம புது ஹோஸ் போட்டிருந்தா, கொஞ்ச நாள்ல மறுபடியும் இங்கதான் வந்திருப்பீங்க."

அளவெடுத்து ஹைட்ராலிக் ஹோஸ் செய்து தரும் கடைக்குப் பழைய ஹோஸை மாதிரிக்குக் கொடுத்தனுப்பினார். சாதாரணத் தண்ணீர் ஹோஸோ, டீசல் ஹோஸோ இந்த அழுத்தத்தைத் தாங்காது. வெடித்த இடத்தை வெட்டிவிட்டு கிளிப் போட்டு இறுக்கும் வேலையும் இங்கே செல்லாது. புது ஹோஸ் வந்ததும் இணைப்பில் உள்ள செம்பு வளையங்களையும் புதிதாகப் போட்டார். பழைய வளையம் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். அதையே திரும்பப் போட்டால் அங்கே கசியத் தொடங்கும். பட்டைக்கு ஒரு போல்ட், ரப்பர் உறை. திரும்பிப் போகும் ஹோஸின் கிளிப் துருப்பிடித்திருந்ததால் அதையும் மாற்றினார்.

காற்றை விரட்டும் வேலை

எண்ணெய் ஊற்றி உடனே ஓட்டிக்கொண்டு போக முடியாது. உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். முன் சக்கரங்களை ஜாக்கில் தூக்கி, அடியில் இரும்புத் தாங்கிகளை வைத்தார். இன்ஜினை ஓடவிடாமலேயே மாமாவை மெதுவாக ஸ்டீரிங்கை இரண்டு கோடிக்கும் இருபது முறை திருப்பச் சொன்னார். தொட்டியில் குமிழி வர வர எண்ணெய் அளவு இறங்கியது; மேலும் மேலும் ஊற்றினார். குமிழி அடங்கியபிறகு இன்ஜினை ஓடவிட்டு அதையே மறுபடியும் செய்தார்கள். கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்கக்கூடாது என்று எச்சரித்துக்கொண்டே இருந்தார். அப்படிப் பிடித்தால் அழுத்தம் உச்சிக்குப் போய் எண்ணெய் கொதிக்கும், பம்பும் கெடும்.

நுரை மறைந்து எண்ணெய் தெளிந்தது. முனகல் பெருமளவு நின்றுவிட்டது. லேசான ஒரு சத்தம் மட்டும் மிச்சம். "அஞ்சு வாரம் பம்பு காத்து குடிச்சிருக்கு. கொஞ்சம் தேய்ஞ்சிருக்கும். ரெண்டு வாரம் ஓட்டிப் பாருங்க. சத்தம் கூடினா வாங்க" என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் பொய் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மொத்தச் செலவு 300 வெள்ளிக்குள் அடங்கியது. இழுவை வண்டிக்கும், சரக்கு மாற்றிய லோரிக்கும், ஐந்து வாரம் ஊற்றிய எண்ணெய்க்கும் மாமா கொடுத்த காசு அதைவிட அதிகம்.

சின்னக் கசிவுதானே?

மாமா வீட்டில் அன்று மாலை பேசிக்கொண்டிருந்தபோது அத்தை சொன்ன ஒரு விஷயம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கடந்த ஒரு மாதமாக மாமாவுக்குத் தோள்வலி. இரவில் கையைத் தூக்க முடியாமல் தவித்திருக்கிறார். அத்தை தினமும் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறார். "வயசாகுது, இனிமே லோரி ஓட்டுறத விட்டுடுங்க" என்று பிள்ளைகளும் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். மாமாவும் அப்படித்தான் நம்பிவிட்டார். தொழிலையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாக அவரே சொன்னார்.

ஸ்டீரிங் ஒரே நாளில் கனக்கவில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. அதனால் வண்டி மாறுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தன் உடம்பு தளர்கிறது என்று நினைத்துவிட்டார். தோள்வலிக்கு வயதும் ஒரு காரணமாக இருக்கலாம், அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் இருபது வருடம் ஓட்டிய ஒருவருக்கு ஸ்டீரிங் திடீரென்று பாரமாகத் தெரிந்தால், வயதைக் குறை சொல்வதற்கு முன் எண்ணெய்த் தொட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது.

இது ஓட்டுநர் ஒருவரின் கவலை மட்டுமல்ல. சாலையில் சிந்தும் எண்ணெய் மழை பெய்ததும் பரவி வழுக்கும். பின்னால் வருகிறவர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் யாரோ ஒருவர். கசியும் எண்ணெய் சூடான புகைபோக்கிக் குழாயில் பட்டால் புகையும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. வர்த்தக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே ஐந்து வாரம் கசிந்தால், அதைப் பார்க்க வேண்டியவர் வண்டியை ஓட்டுகிறவர்தான்.

கவனத்தில் கொள்ள

• ஸ்டீரிங் எண்ணெய் சாதாரணமாகக் குறையாது. ஒரு மாதத்தில் இரண்டாம் முறை ஊற்ற வேண்டியிருந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள்.

• எந்த எண்ணெய் என்பதைத் தொட்டி மூடியிலோ வாகனக் கையேட்டிலோ பாருங்கள். எல்லா வண்டிக்கும் சிவப்பு எண்ணெய் அல்ல. அவசரத்துக்குக்கூட பிரேக் எண்ணெயை ஊற்றாதீர்கள், சீல்களைக் கெடுத்துவிடும்.

• கசிவை நிறுத்தும் என்று கடையில் விற்கும் திரவங்கள் காய்ந்த சீலைச் சற்று உப்பச் செய்யும். வெடித்த ஹோஸை ஒட்டவைக்காது.

• இன்ஜின் ஓடும்போது கசியும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

• எண்ணெய் அளவு பார்ப்பது, கழுவிப் பவுடர் தூவிப் பார்ப்பது நீங்களே செய்யலாம். அழுத்த ஹோஸ், பம்ப், ஸ்டீரிங் பாக்ஸ் வேலைகளைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

• பாக்ஸ் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், "கழுவிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

• ஓடும்போது ஸ்டீரிங் கனத்தால் பதற்றப்படாதீர்கள். இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, மெதுவாக வேகத்தைக் குறைத்து, அபாய விளக்கைப் போட்டு, இடது ஓரம் ஒதுங்குங்கள். வண்டி நிற்கும்வரை இன்ஜினை அணைக்காதீர்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் என்றால் 1800-88-0000 எண்ணுக்கு அழைக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து மாமா ரிங்லெட்டிலிருந்து அழைத்தார். சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்; பின்னால் ஆட்களின் குரல் கேட்டது. "அன்னைக்கு வாங்கி வச்ச போத்தல் இன்னும் திறக்கவே இல்லமா. பம்பு சத்தமும் கூடல." தோள் எப்படி என்று கேட்டேன். "தைலம் வாசம் இல்லாம உங்க அத்தைக்குத்தான் தூக்கம் வரல" என்று சிரித்தார்.

லோரி பழுதாகி நிற்கிறது என்ற வரி இப்போதும் வாரத்தில் பல நாள் என் மேசைக்கு வருகிறது. ஒரே ஒரு மாற்றம்தான். ஓட்டுநர் எப்படி இருக்கிறார் என்று தகவல் கொடுத்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் இப்போது ஒலிவாங்கியைத் திறக்கிறேன்.